அறிக்கையில் இருந்த அக்கா

எனக்கு எட்டிப் பார்க்கும் புத்தி கிடையாது என்று நாற்பத்தொரு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி போனில் புருஷனோடு சண்டை போட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். காது மட்டும் திரும்பாது, அதற்கு நான் என்ன செய்ய முடியும். பாறசாலையில் எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு யார் வந்து போனார்கள் என்பதெல்லாம் எதிர்வீட்டுக்காரி வந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும். சொல்லாத நாளில் நானே போய்க் கேட்பேன், அவ்வளவுதான். இப்படி ஒழுக்கமாக வாழ்ந்த நான், என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் கம்ப்யூட்டரை ஆறு மாதம் அவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை நெய்யாற்றின்கரையில், ஒரு மாடி ஆபீசில். வீடுகளிலும் வக்கீல்மார்களிடமும் கிடக்கும் பழைய நிலப் பத்திரங்களை ஸ்கேன் எடுத்து, படித்து, டைப் செய்து கொடுப்பது. எங்கள் பக்கத்தில் அதை ஆதாரம் என்போம். பழைய ஆதாரங்களில் தமிழில் எழுதியவை நிறைய வரும். வீட்டில் தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கே குறைவில்லை, ஆனால் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது மலையாளம். அதனால் தமிழைத் தடுமாறாமல் படிக்கத் தெரிந்த நாலு பேரை முதலாளி தேடிப் பிடித்து உட்காரவைத்திருந்தார். ஐந்தாவது ஆள் நான். கம்ப்யூட்டர்களும் அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் வயர்களும் என் பொறுப்பு.

முதலாளி நிலபுலன் உள்ள சைவக் குடும்பம். அவருடைய தாத்தா ராஜா காலத்தில் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அந்தக் குமாஸ்தா ரத்தம் பேரனிடம் ஒரு சொட்டும் குறையாமல் இருந்தது. எதையும் கோடு போட்டு, கட்டம் கட்டி, கீழே கையெழுத்து வாங்கினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். நல்ல மனிதர்தான். யாருக்காவது காய்ச்சல் என்றால் தானே இறங்கிப் போய் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்புவார். ஆனால் தன் அறைக்குள் இருக்கும்போது வெளியே நாலு பேர் சேர்ந்து சிரித்தால் முகம் வாடிவிடும். தன்னை விட்டுவிட்டுச் சிரிக்கிறார்களே என்ற வருத்தம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அதற்கு நிர்வாகம் என்று பெயர்.

ஒரு நாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"நான் ஒருத்தரையும் சம்சயிக்கல்ல, கேட்டியா? ஆனா ஆளுக என்ன செய்யுதாவன்னு ஒண்ணு அறிஞ்சிருக்கணும். அதுக்கு ஏதோ சாதனம் உண்டாமே."

"உண்டு சார். ஆனா ஆளுககிட்ட சொல்லிட்டுப் போடுயதுதான் முறை."

"சொன்னா பின்ன என்னத்துக்குப் போடணும்? சொன்னா எல்லாவனும் நல்லவனாயிருவான்."

அதைத்தானே நாம் விரும்புகிறோம் என்று கேட்டிருக்க வேண்டும். எனக்குப் புத்தி எப்போதும் சாயங்கால பஸ்ஸில் போகும்போதுதான் வேலை செய்யும். அந்த நிமிஷம் "சரி சார்" என்றுதான் வாயில் வந்தது. "எல்லா மெஷின்லயும் போட்டுரு" என்றார். எல்லா மெஷினிலும் போட்டேன், என்னுடையதைத் தவிர. பார்க்கிறவளை யாரும் பார்க்க வேண்டாம் என்பது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட சலுகை.

அந்தச் சாதனத்தின் வேலை எளிது. ஆபீஸ் வேலைக்குச் சம்பந்தமில்லாத எதை ஒருவர் திறந்தாலும், அதை அவருடைய லாகின் பெயரின் கீழ் குறித்துக்கொள்ளும். சனிக்கிழமைதோறும் ஆளுக்கு ஒரு தாள் அச்செடுத்து முதலாளியின் மேசையில் கவிழ்த்து வைப்பேன். கவிழ்த்து வைப்பது ஏன் என்று என்னையே கேட்டிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும்.

நாலு பேரில் ஒருவர் ஆரியங்கோட்டுப் பெரியவர். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வந்தவர். இன்னொருவர் கொல்லயிலில் இருந்து பைக்கில் வருகிற அண்ணன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் ஆள். மூன்றாவது, டிகிரி முடித்த பாறசாலைப் பெண், என்னோடு அதே ஸ்டாப்பில் பஸ் ஏறுகிறவள். நாலாவது வெள்ளறடை அக்கா.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. இதுதான் அவளுடைய முதல் வேலை. வீட்டுக்காரர் ரப்பர் வெட்டுகிறவர், இரண்டு மகன்களும் வளைகுடாவில். அவளுடைய அப்பா ஆதாரம் எழுதுகிறவராக இருந்ததால், கறையான் பாதி தின்ற பழைய கையெழுத்தைக்கூட அவள் பேப்பர் படிப்பதுபோலப் படிப்பாள். மற்ற மூன்று பேரும் ஒரு எழுத்தில் முட்டிக்கொண்டால் "அக்கா, இது என்னதாக்கும்?" என்று அவளிடம்தான் தாளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். முப்பது வருஷம் அடுப்படியில் இருந்துவிட்டு வந்தவளுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு சந்தோஷம் என்பது, அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற வேகத்திலேயே தெரியும்.

மதியம் ஐந்து பேரும் டப்பாக்களைத் திறந்து நடுவில் வைத்துவிடுவோம். அக்காவின் டப்பாவில் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் இருக்கும். முதல் கரண்டி எனக்கு. கூடவே ஒரு கேள்வியும் உண்டு: "தலை எப்பிடி இருக்கு மக்கா?"

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. ஒரு நாள் ஆபீசிலேயே வாந்தி எடுத்து, முதலாளி ஆட்டோ பிடித்து அனுப்பினார். இரண்டு நாள் கழித்து வந்தபோது அக்கா ஒரு பொட்டலத்தில் சுக்கும் கொத்தமல்லியும் இடித்துக் கொண்டுவந்திருந்தாள். "வெறும் வயித்தில வரப்பிடாது. கம்ப்யூட்டருக்க வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைச்சு வை" என்றாள். சுக்கு சொல்லுகிற வாய் திரை வெளிச்சத்தையும் சொல்லுகிறதே என்று உள்ளுக்குள் சிரித்தேன். ஆனால் வெளிச்சத்தைக் குறைத்தேன்.

முதல் சனிக்கிழமை தாள்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். பெரியவர் தாள் வெறுமை. கொல்லயில் அண்ணன் தாள் வெறுமை. பாறசாலைப் பெண் தாள் வெறுமை. மூன்று பேரும் தங்கம். அக்காவின் தாள் மட்டும் மேலிருந்து கீழ்வரை நிரம்பி, பின்பக்கத்துக்கும் ஓடியிருந்தது.

என்னவெல்லாம் இருந்தது என்கிறீர்கள். ஐரோப்பாவில் நடக்கிற புட்பால் ஆட்டங்கள். அரசு வேலைக்கான மாதிரித் தேர்வுகள். கல்யாணத் தகவல் தளம் ஒன்றில் மணமகன் தேடல்: வயது இருபத்தெட்டு முதல் முப்பத்திரண்டு வரை, அரசு வேலை, குடிப்பழக்கம் கூடாது. பிறகு ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு மேல் சீட்டுக்கட்டு விளையாட்டு, ஒரு மணி நேரம்.

கம்ப்யூட்டர் படித்தவள் நான். தாளில் ஏதோ கோளாறு என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது அக்காவிடம் கோளாறு என்று. பெண் பிள்ளை இல்லாதவள் மாப்பிள்ளை தேடுவானேன்? ரகசியமாகக் கல்யாண புரோக்கர் வேலை பார்க்கிறாள் என்று முடிவு செய்தேன். வயது வரம்பு தாண்டியவள் தேர்வு எழுதுவானேன்? படிக்காமல் விட்ட ஏக்கம். புட்பால்? மகன்கள் போனில் பேசும்போது பேச ஒரு விஷயம் வேண்டாமா. சீட்டு? அதுதான் சுபாவம், அடங்கின ஆட்களிடம்தான் இருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாக ஒரு வரி வரும், நானும் அதற்கு ஒரு காரணம் தைத்துப் போடுவேன். சீரியல் பார்ப்பதை நான் அந்த ஆறு மாதத்தில்தான் நிறுத்தினேன். தேவைப்படவில்லை.

இதில் கொடுமை, மதியம் அவள் எதிரில் உட்கார்ந்து மரச்சீனி தின்றுகொண்டே அவள் முகத்தைப் படிப்பேன். அவள் பவுடர் கொஞ்சம் கூடுதலாகப் பூசி வந்தால் "ம்ம்" என்று மனதில் குறித்துக்கொள்வேன். அவள் என் தலைவலியைக் கேட்பாள். எவ்வளவு இயல்பாக நடிக்கிறாள் பார் என்று வியப்பேன்.

முதலாளிக்கு மாப்பிள்ளை தேடலும் புட்பாலும் பெரிதாகப் படவில்லை. அவரால் பொறுக்க முடியாதது சீட்டு. அந்த வரியின் கீழ் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார்.

"ஆபீஸ் நேரத்தில, தெனமும் ஒரு மணிக்கூறு சீட்டு. வெட்கம் உண்டா? இது ஆபீசா, கிளப்பா?" என்றார். "அடுத்த மாசம் முதல் வரண்டாம்னு சொல்லிரு."

"நானா சார்?"

"நீதான் அவளுக்குக் கூட்டு. வர்ற சனிக்கிழமைக்குள்ள சொன்னா மதி, அது போதும்."

"காரணம் கேட்டா?"

"வேலை குறைவுன்னு சொல்லு."

அப்படியென்றால் தன் மேல் என்ன குற்றம் என்றே தெரியாமல் அக்கா வெள்ளறடை பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவாள். மறுபடி அடுப்படி. இல்லை என்று சொல்லவாவது ஒருவருக்கு வாய்ப்பு வேண்டாமா என்ற நினைப்பு, வழக்கம்போல, சாயங்கால பஸ்ஸில் வந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் தாள் சொல்வது பொய் என்று அப்போதும் நான் நினைக்கவில்லை.

திங்கள்கிழமை அக்கா லீவு. நாத்தனார் வீட்டில் பால்காய்ச்சு, புது வீட்டுக்குக் குடிபோகும் நாள். செவ்வாய் மதியம் அங்கிருந்து கொண்டுவந்த பாயசத்தை எனக்கு இரண்டு தரம் ஊற்றினாள். எப்படியும் சொல்லத்தான் வேண்டும், சொல்வதற்கு முன் என் மனதையாவது கல்லாக்கிக்கொள்வோம் என்று புதன்கிழமை அந்த வாரத்துத் தாளை முன்கூட்டியே எடுத்துப் பார்த்தேன்.

திங்கள்கிழமை அக்கா காலை பதினொரு மணிக்குப் புட்பால் பார்த்திருந்தாள். அதே பதினொரு மணிக்கு மாதிரித் தேர்வும் எழுதியிருந்தாள். அதே பதினொன்றுக்கு ஒரு மாப்பிள்ளையின் ஜாதகத்தையும் திறந்திருந்தாள். மூன்று மணிக்குச் சீட்டு. நாத்தனார் வீட்டில் பால் பொங்கியதை நின்று பார்த்த ஆள், அன்று நெய்யாற்றின்கரையில் நாலு கையோடு வேலை செய்திருக்கிறாள்.

நான் தாளை மேசையில் வைத்துவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டேகாலுக்கே ஆபீசுக்குப் போனேன். நான் வழக்கமாகப் பத்தரைக்கு வருகிறவள். அக்கா எட்டு மணிக்கே வந்துவிடுவாள், அதை விட்டால் அவளுக்கு அடுத்த பஸ் பத்துக்கு மேல்தான். போனபோது சாமி படத்துக்கு விளக்கு ஏற்றிவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி முதலாளியின் அறையில் இருந்து வெளியே வந்தாள்.

"இதென்ன மக்கா, இவ்வளவு காலத்த? தலை வலிக்கா?"

"இல்ல அக்கா. நீங்க சாருக்க ரூம்ல என்ன செய்யுதிய?"

"பெட்டியை எழுப்பி விடுதேன். முதல்ல சாருக்கதுதான், அதுக்குத்தான் எழும்ப மடியும் சோம்பலும் கூடுதல்." சொல்லிக்கொண்டே பெரியவரின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தன் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினாள். பிறகு கொல்லயில் அண்ணனுடையது. பிறகு பாறசாலைப் பெண்ணுடையது. கடைசியில் ஜன்னல் ஓரத்தில் தன்னுடையது.

"எல்லாத்திலயும் உங்க பேரையா போடுதிய?"

"பின்ன? நீ தந்த பாஸ்வேர்டு ஒருத்தருக்கும் வாயிலயும் நுழையல்ல, கையிலயும் நுழையல்ல. எனக்க மட்டும் மனப்பாடம் ஆச்சு, சர்வே நம்பர் படிச்ச கண்ணு இல்லியா. ஆளுக வந்து பத்து நிமிசம் சும்மா இருக்கண்டாம்னு நான் எல்லாத்தையும் எழுப்பி வைப்பேன். நான் வராத்த அன்னு பெரியவர் எழுப்புவாரு. எனக்க பாஸ்வேர்டு காலண்டருக்கப் பொறத்தால எழுதி வச்சிருக்கு."

காலண்டரைத் திருப்பிப் பார்த்தேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நடுவில் ஒரு நட்சத்திரம். பாதுகாப்பு பாதுகாப்பு என்று நான் பெருமையாக உருவாக்கிக் கொடுத்த பன்னிரண்டு எழுத்து, உருண்டையான கையெழுத்தில். கீழே பெரியவரின் கையெழுத்தில் "நட்சத்திரத்துக்கு மேல் அம்பு போட்ட பட்டனையும் சேர்த்து அமுக்கவும்" என்று குறிப்பு வேறு.

அன்று காலை, ஆள் பெயரை விட்டுவிட்டு மெஷின் வாரியாக ஆறு மாதத்தையும் பிரித்து எடுத்தேன். பிரித்ததும் எல்லாம் தானாகவே அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தது. பெரியவருக்குக் கல்யாண வயதில் மகள் உண்டு. கொல்லயில் அண்ணன் புட்பாலில்தான் மனம் விட்டுப் பேசியிருந்தார், மாதிரித் தேர்வு பாறசாலைப் பெண்ணுடையது. சீட்டு எந்த மெஷினில் என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்து, ஆபீஸ் என்பதால் இருமிக்கொண்டேன்.

கடைசியாக ஜன்னல் ஓரத்துப் பெட்டி. ஆறு மாதத்தில் வேலைக்குச் சம்பந்தமில்லாமல் ஒரே ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அரை மணி. தமிழில் தட்டித் தேடியிருந்தாள். ஒற்றைத் தலைவலி பெண்களுக்கு ஏன் வருகிறது. ஒற்றைத் தலைவலி கம்ப்யூட்டர் வெளிச்சம். ஒற்றைத் தலைவலி வாந்தி பயப்பட வேண்டுமா.

நான் வாந்தி எடுத்துப் போனதற்கு மறுநாள். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அக்கா சாப்பிடாமல் இருந்து தேடியிருக்கிறாள். அதற்குப் பிறகும் எத்தனை சனிக்கிழமை அவள் தாளைக் கவிழ்த்து வைத்தேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதலாளியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். பாதி கேட்டதும் அவர் முகம் பிரகாசமானது.

"அப்போ சீட்டு விளையாடுயது அவ இல்ல. யாருன்னு மெஷின் நம்பர் வச்சுக் கண்டுபிடிக்கலாம் இல்லியா?"

"கண்டுபிடிச்சாச்சு சார். அஞ்சாம் நம்பர்."

"அது யாருக்க மெஷின்?"

நான் அவர் மேசையில் இருந்த கம்ப்யூட்டரின் பக்கவாட்டைப் பார்த்தேன். நான்தான் ஒட்டியிருந்தேன், வட்டமான வெள்ளை ஸ்டிக்கரில் ஐந்து. அவரும் பார்த்தார். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"அது ஊணு கழிஞ்சு, கண்ணுக்கு ஒரு ஓய்வுக்காக்கும்" என்றார்.

"எல்லாருக்கும் கண்ணு உண்டு சார்."

இதை எப்படிச் சொன்னேன் என்று இன்றும் எனக்கு ஆச்சரியம். பஸ் ஏறுவதற்கு முன்பே புத்தி வேலை செய்த ஒரே நாள் அது. அவர், "மத்தவங்களுக்க தாளு?" என்று கையை நீட்டினார். "அவங்கட்டயே கேளுங்க சார், சொல்லுவாங்க" என்றேன். நீட்டிய கையால் மூக்கைத் தடவிக்கொண்டார்.

"அதை எடுத்துரு. அந்த அக்கா இருக்கட்டு. இப்படி ஒண்ணு போட்டிருந்ததை ஒருத்தரும் அறியண்டாம்."

எடுத்துவிட்டேன். ஒருவரும் அறிய வேண்டாம் என்பதுதான் என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் டப்பாக்களைத் திறந்ததும், சாப்பிடத் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டேன். முதலாளி போடச் சொன்னார் என்று மட்டும் சொன்னால் எளிதாக இருந்திருக்கும். நான் பார்த்தேன் என்றும் சொன்னேன்.

பெரியவருக்குத் தயிர் புரையேறியது. பாறசாலைப் பெண் ஏதோ தரையில் விழுந்ததுபோலக் குனிந்தாள். கொல்லயில் அண்ணன் அன்று, ஆறு மாதத்துக்கும் சேர்த்துப் பேசினார். என்னவெல்லாம் பார்த்தீர்கள், யாருக்கெல்லாம் காட்டினீர்கள் என்று மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டார்கள். திட்டினார்கள், திட்ட வேண்டியதுதான். நான் வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் முதலாளியே தன் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையின் ஓரத்தில் உட்கார்ந்ததும், அவர்கள் கோபம் அவர் பக்கமும் கொஞ்சம் பங்கு போய், மெல்லத் தணிந்துவிட்டது. புட்பாலைப் பற்றி அவருக்கும் அபிப்பிராயங்கள் உண்டாம்.

அக்கா மட்டும் சாப்பாட்டு மேசையில் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்து, பைப்படியில் டப்பா கழுவிக்கொண்டிருக்கும்போது, திரும்பாமலே பேசினாள்.

"அப்போ இத்தற நாளும் நீ என்னைச் சீட்டு விளையாடுயவன்னு நினைச்சா?"

"ஆமா அக்கா."

"மாப்பிள்ளை தேடுயவன்னும்?"

"ஆமா."

"நீ எனக்க எதிர்லதானே இருந்தா. ஒரு வாக்கு கேட்டிருக்கலாமே மக்கா."

அவள் தண்ணீரை உதறிவிட்டு, "எனக்க பெட்டியில நீ என்ன கண்டா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல அக்கா. ஒரு நாள் தலைவலியைப் பத்தித் தேடியிருந்திய."

"அதையும் பாத்தியா" என்றாள். டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

அக்கா இன்றும் அதே ஜன்னல் ஓரத்தில்தான் இருக்கிறாள். எல்லோருக்கும் நாக்கில் நிற்கும்படியான பாஸ்வேர்டை அவரவரே வைத்துக்கொள்ளச் செய்துவிட்டேன், அவரவர் பெட்டியை அவரவரே எழுப்புகிறார்கள். என்னை அவள் மக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். மரச்சீனியில் முதல் கரண்டி இப்போதும் எனக்குத்தான். தலைவலி மாதத்துக்கு இரண்டு முறையாவது வருகிறது, நெற்றியைப் பிடித்துக்கொண்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவள் பார்க்கிறாள், கறியை என் பக்கம் நகர்த்தி வைக்கிறாள். தலை எப்படி இருக்கிறது என்று அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்டதில்லை.